பூர்பன் - ரை கலவையைச் சுவைக்கும் முறை

ஆசிரியருக்கு,

பூர்பன், ரை என்ற இரு அமெரிக்க விஸ்கி வகைகளும் கலந்த விஸ்கியை ஐஸ் போட்டுச் சுவைத்துப் பார்க்கலாம் என்று தங்கள் இதழில் வந்த யோசனை சரியல்ல. குளிர்ச்சி மணத்தை அமுக்கிவிடும். இந்தக் கலவையின் அருமையே மணத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி பூர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், ரையில் அதே அளவு ரை தானியம் இருக்க வேண்டும். இரண்டும் உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊறுபவை. முதலில் வரும் வெனிலா மணம் அந்த மரத்தினுடையது. மிளகு, கிராம்பு போன்ற காரம் ரை தானியத்திலிருந்து வருவது. அது விழுங்கிய பிறகுதான் முழுதாகத் தெரியும். அவசரப்பட்டால் தவறிவிடும்.

வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் 20 மி.லி. போதும். மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயை லேசாகத் திறந்தபடி முகர வேண்டும். இல்லையேல் ஆல்கஹால் நெடி மூக்கை மரக்கச் செய்துவிடும். 50 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கானால் 5 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 40 சதவீதமாகும். அதைச் சொட்டுச் சொட்டாகவே சேர்க்க வேண்டும்.

லேபிளையும் பாருங்கள். ‘பிளெண்டட் விஸ்கி’ என்று மட்டும் இருந்தால் நியூட்ரல் ஸ்பிரிட் எனப்படும் மணமற்ற வெறும் ஆல்கஹால் 80 சதவீதம் வரை இருக்கலாம். ‘பிளெண்ட் ஆஃப் ஸ்ட்ரெய்ட் விஸ்கீஸ்’ என்றிருந்தால் அது இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்