வால்வை மூடினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊருக்குப் போகிறவர்களுக்கான குளிர்காலக் குறிப்புகளைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். சூட்டை நிறுத்திவிட்டுப் போகும் வீட்டில் ஒரு குழாயைச் சொட்டவிட்டால் போதும் என்று அதில் ஒரு வரி இருந்தது. தயவுசெய்து அதைத் திருத்துங்கள். ஆளும் சூடும் உள்ள வீட்டில், ஓரிரவுக் கடுங்குளிருக்கு அது உதவலாம். சூடே இல்லாத வீட்டில் சொட்டுகிற நீர் கழிவுக் குழாய்க்குள் படலம் படலமாக உறைந்து அதை அடைத்துவிடும். பிறகு சிங் (கழுவுதொட்டி) நிரம்பித் தரையெல்லாம் வழியும்.

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் தை, மாசியில் வெறுமையாகக் கிடக்கும் வீடுகள் பல. பெற்றோர் காலமானபின் விற்பனைக்குக் காத்திருப்பவை, வாடகைக்கு ஆள் மாறும் இடைவெளியில் பூட்டிக் கிடப்பவை. எரிவாயுச் செலவை மிச்சம் பிடிக்கச் சூட்டை நிறுத்துகிறவர்கள் தண்ணீரின் பிரதான வால்வை மூடிவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். வால்வை மூடினால் புதுத் தண்ணீர் வராது, ஆனால் குழாய்களில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் அங்கேயேதான் நிற்கும். உறையும்போது அது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். பெரும்பாலும் பனிக்கட்டி பிடித்த இடத்திலேயே குழாய் வெடிப்பதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையில் அகப்பட்ட நீர் நெருக்கப்பட்டு, அந்த அழுத்தத்தில்தான் செம்புக் குழாய் கிழிகிறது. பெக்ஸ் என்னும் பிளாஸ்ரிக் குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும், அதன் பித்தளை இணைப்புகள் கொடுக்கா. குழாய்மேல் சுற்றும் நுரைக் காப்பு, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்துமே தவிரச் சூட்டை உண்டாக்காது.

ஆகவே தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். சுடுநீர் ஹீற்றரிலிருந்து தொடங்குங்கள். மின்சார ஹீற்றர் என்றால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை அணைக்காமல் வடிக்கவே கூடாது, வெறும் தாங்கியில் சூடேற்றும் கம்பி எரிந்துபோகும். எரிவாயு ஹீற்றரில் குமிழை அணைப்பு நிலைக்குத் திருப்புங்கள். வாடகை ஹீற்றர் என்றால் நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். 40 கலன் தாங்கியில் சுமார் 150 லீற்றர் சுடுநீர் இருக்கும், நன்றாக ஆறவிடுங்கள். பிரதான வால்வை மூடி, தாங்கியின் அடியில் உள்ள வடிவாயில் தோட்டத்து ஹோஸைப் பூட்டித் தரைக் கானுக்கு (தரையில் உள்ள வடிகாலுக்கு) விடுங்கள். மேல்மாடியில் ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்துவைத்தால்தான் காற்றுப் புகும், தண்ணீர் இறங்கும். பழைய தாங்கியில் படிந்த சுண்ணாம்பு வடிவாயை அடைத்தால், பிரதான வால்வைச் சில விநாடிகள் திறந்து அந்த அழுத்தத்தில் கழுவலாம்.

அடுத்து மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி எல்லாக் குழாய்களையும் திறந்து, வடிந்து முடியும்வரை திறந்தபடியே விடுங்கள். கடைசியாக நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ற்றில் உடுப்புத் தோய்க்கும் சிங்கின் குழாய். ஷவரின் கைப்பிடியை நடுவில் நிறுத்தினால்தான் சூடு, குளிர் இரு பக்கமும் வடியும். ரொய்லெற் தொட்டியை வெறுமையாக்கி, அடியில் எஞ்சுவதைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். இவ்வளவு செய்தாலும் கிடையாகப் போகும் குழாய்களின் தாழ்வான இடங்களில் நீர் தங்கும். அதற்குத்தான் காற்றை அழுத்தி ஊதும் கொம்பிரஸர். காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. போதும், 50ஐத் தாண்ட வேண்டாம். எல்லாவற்றையும் மூடிவிட்டு, தொலைவில் உள்ள குழாயிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, வெறும் காற்று வரும்வரை ஊதுங்கள்.

எங்கள் வீடுகளில் அதிகம் தவறவிடப்படுவது ரொய்லெற்றுக்குப் பக்கத்தில் பூட்டியிருக்கும் கைத்தெளிப்பான். அதன் குழாயிலும், பிரிப்பு இணைப்பிலும் நிற்கும் ஒரு கரண்டித் தண்ணீர் போதும், பிளாஸ்ரிக் பிளந்துவிடும். கழற்றி உதறிவிட்டு வையுங்கள். பேஸ்மென்ற்றில் உள்ள இரண்டாவது குசினி, குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் குழாய், தோய்ப்பு இயந்திரத்தின் பம்ப், பாத்திரம் கழுவும் இயந்திரம், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸில் பூட்டிய ஈரப்பதமூட்டி, ஃபேர்னஸின் கழிவுநீர் தேங்கும் பகுதி ஆகியவற்றிலும் தண்ணீர் நிற்கும், அவற்றையும் வடித்துவிடுங்கள். வெளிச்சுவர்க் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் தனி வால்வை மூடி, அதன் சிறு மூடியைத் திருகி வடித்துவிடுங்கள்.

சிங்கின் அடியில் வளைந்த குழாயில் நிற்கும் நீரை ஊதி எடுக்கக்கூடாது, அதுதான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. அதற்குள் இளஞ்சிவப்பு நிறப் பிளம்பிங் ஆன்டிஃபிரீஸ் (எளிதில் உறையாத திரவம்) ஊற்ற வேண்டும்: சிங் ஒவ்வொன்றுக்கும் அரை லீற்றர், குளியல் ரப்புக்கும் தரைக் கானுக்கும் ஒரு லீற்றர், ரொய்லெற் கிண்ணத்துக்கு இரண்டு லீற்றர். தண்ணீர் கலக்காதீர்கள். கார்களுக்கான ஆன்டிஃபிரீஸில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் மீற்றரை யாரும் நினைப்பதில்லை. வீட்டு வால்வை மூடினாலும் வீதியிலிருந்து அதுவரை வரும் குழாயில் நீர் நிற்கும். பேஸ்மென்ற் மண்ணுக்குள் இருப்பதால் மெதுவாகக் குளிரும், ஆனால் குளிராமல் இருக்காது. குளிர்காலம் முழுதும் சூடில்லாமல் விடுவதென்றால் நகரசபையிடம் சொல்லி வீதியோர வால்வை மூடுவித்து, மீற்றரையும் கழற்றுவியுங்கள். மீற்றர் நகரசபையின் உடைமை, நீங்களாகத் தொட வேண்டாம். கொதிகலனும் ரேடியேற்றரும் உள்ள பழைய வீடுகளை உரிமம் பெற்ற தொழிலாளரிடமே விடுங்கள். பேஸ்மென்ற்றில் தேங்கும் நிலத்தடி நீரை வெளியேற்றும் குழிப்பம்ப் இருந்தால் வீட்டு மின்சாரத்தை முழுமையாக நிறுத்தாதீர்கள்.

இரண்டு மாதத்துக்குள் திரும்புகிறவர்கள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ராற்றை 15 பாகையில் விட்டு, தண்ணீரையும் மூடி வடித்துவிட்டுப் போவதே மேல் என்பது என் கருத்து. சூட்டை மட்டும் நம்பக்கூடாது. 2013 மார்கழி உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று, சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரவில்லை. எரிவாயு ஃபேர்னஸின் விசிறியும் மின்சாரத்தில்தான் சுழல்கிறது.

காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் தொடர்ந்து 4 நாட்களுக்கு மேல் வெளியே நின்றால், யாராவது தினமும் வந்து பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும் என்று பல பத்திரங்கள் சொல்கின்றன. 30 நாட்களுக்கு மேல் வெற்று வீடாகக் கிடந்தால் பெரும்பாலும் தனி அனுமதி தேவை.

திரும்பி வந்ததும் முதலில் வீட்டைச் சூடாக்குங்கள். பிறகு குழாய்களை மூடி, மேல்மாடியில் ஒன்றை மட்டும் திறந்துவைத்து, பிரதான வால்வைக் கால்வாசி திறந்து, ஒருவர் பேஸ்மென்ற்றில் நின்று ஒழுக்கு இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்கட்டும். ஹீற்றர் நிரம்பி, சுடுநீர்க் குழாயில் காற்றில்லாமல் நீர் வந்த பிறகே பிரேக்கரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
குழாய்ப் பணியாளர் ஒருவர்
ஸ்காபரோ