மெதுவாக வெளிவரும் களைக்கொல்லி எப்போது ஓயும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுண்ணுறைகளில் அடைக்கப்பட்டு மெதுவாக வெளிவரும் களைக்கொல்லிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மானாவாரிக் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடுகிறவன் என்ற முறையில் இந்த முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால் மருந்து எத்தனை நாள் நின்று வேலை செய்யும் என்று விரிவாகச் சொன்ன கட்டுரை, அது எப்போது ஓய வேண்டும் என்பதைத் தொடாமல் விட்டதைப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

எங்களுக்கு இதன் தேவை உண்மையானது. பருத்திக்கு நாங்கள் பெரிதும் நம்பியிருப்பது பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி. விதைத்த மூன்று நாளுக்குள், நிலத்தில் ஈரம் இருக்கும்போதே அதைத் தெளிக்க வேண்டும் என்பது பரிந்துரை. பாசன வசதி உள்ளவர்களுக்கு இது எளிது. மழையை நம்பி விதைக்கிறவர்களுக்கோ தெளித்த பிறகு வானம் வெளுத்துவிடுவது வழக்கமாக நடப்பதுதான். அப்போது மேல்மண்ணில் கிடக்கும் மருந்தில் ஒரு பகுதி வெயிலில் சிதைகிறது, இன்னொரு பகுதி ஆவியாகிப் போகிறது. பத்து நாள் கழித்து மழை பெய்து சாரணைக் களை முளைக்கும்போது அதைத் தடுக்கப் போதிய மருந்து மண்ணில் இருப்பதில்லை. பழைய 30 சதவீத இசி (கரைப்பானில் கரைத்த வடிவம்) மருந்துக்கும் இப்போது கிடைக்கும் 38.7 சதவீத சிஎஸ் (உறையிட்ட வடிவம்) மருந்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இந்த எண்களில் இல்லை. பின்னதில் மருந்துத் துளிகள் கண்ணுக்குத் தெரியாத உறைகளுக்குள் இருப்பதால் வெயிலும் காற்றும் அவற்றை அவ்வளவு விரைவில் தொட முடியாது என்பதில்தான் இருக்கிறது. தெளிக்கிறவரின் கையிலும் துணியிலும் படியும் மஞ்சள் கறையும், கரைப்பானின் நெடியும் குறைவது கூடுதல் நன்மை. குளோமசோன் என்ற களைக்கொல்லியின் ஆவி பக்கத்து வயல் பயிர்களின் இலைகளை வெளுக்கச் செய்த சிக்கலைக் குறைப்பதற்கும் வெளிநாடுகளில் இதே உறை முறைதான் கைகொடுத்தது.

இனி என் கவலைக்கு வருகிறேன். பருத்திக்குக் களைப் போட்டி கடுமையாக இருப்பது முதல் 45 முதல் 60 நாள் வரைதான். மக்காச்சோளத்துக்கு அதைவிடக் குறைவு. அதன் பிறகு பயிரின் நிழலே பெரும்பாலான களைகளை அடக்கிவிடும். எனவே அந்தக் காலத்தைத் தாண்டியும் உறையிலிருந்து மருந்து கசிந்துகொண்டிருந்தால் நின்ற பயிருக்கு அதனால் பெரிய பயன் இல்லை; அடுத்து வரும் பயிர்தான் அதன் விளைவை ஏற்க வேண்டியிருக்கும். மக்காச்சோளத்தில் பயறு வகைகளை ஊடுபயிராக விதைப்பவர்கள் அட்ரசின் என்ற களைக்கொல்லியைப் பயன்படுத்தக் கூடாது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அறிவுறுத்துகிறது. சாதாரண வடிவில் உள்ள மருந்துக்கே இவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்றால், நீண்ட நாள் நிற்கும்படி வடிவமைத்த மருந்துக்கு எவ்வளவு வேண்டும்?

மானாவாரியில் இதைவிட நெருக்கமான ஆபத்து ஒன்று உண்டு. முதல் விதைப்பு பொய்த்துப் போனால் நிலத்தை மறுபடி உழுது, கையில் கிடைக்கும் சோளத்தையோ கம்பையோ விதைப்போம். பெண்டிமெத்தலின் முளைக்கும் விதையில் செல் பிரிவதைத் தடுத்து வேலை செய்வது. சோளத்தின் முளையும் அதற்கு எளிதில் ஆளாகும். மழையில்லாமல் பருத்தி கருகிய நிலத்தில் உறைகள் மட்டும் உடையாமல் காத்திருந்தால், மறுவிதைப்பும் கைவிட்டுப் போகும். உறையின் சுவர்த் தடிமன், மண்ணின் ஈரம், வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தே மருந்து வெளிவரும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்பதால், குளிர்நாட்டு மண்ணில் கண்ட நாள் கணக்கை நம் கரிசலுக்கு அப்படியே சொல்லிவிட முடியாது.

உறையிட்டால் தெளிக்கும் மருந்தின் அளவு குறையும், அதனால் பாதுகாப்பு என்ற வாதத்தையும் நிதானமாகவே ஏற்க வேண்டும். அமெரிக்காவில் அலாக்குளோர் என்ற களைக்கொல்லி உறையிட்ட வடிவிலும் விற்கப்பட்டது. அதே அலாக்குளோரின் பயன்பாட்டை நம் நாடு 2020 டிசம்பர் 31 முதல் முற்றிலும் தடை செய்தது. உறைக்குள் இருக்கும் வேதிப்பொருளின் இயல்பு உறையால் மாறுவதில்லை. உறையும் ஆராயப்பட வேண்டியதே, ஏனெனில் இவற்றில் பல பாலியூரியா என்ற நெகிழி போன்ற, எளிதில் மக்காத பொருள்களால் ஆனவை. வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்நெகிழித் துகள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கட்டுப்பாடு விதித்தபோது, பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளுக்கு 2031 வரை அவகாசம் தந்திருக்கிறது. அங்கே மாவுச்சத்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், மரத்திலிருந்து கிடைக்கும் லிக்னின் போன்ற மக்கும் உறைகளுக்கு மாற வேண்டிய நெருக்கடி வந்துவிட்டது. பழைய வகை உறைகளை இங்கே கொண்டுவந்து குவிக்க நாம் இடம் தரக் கூடாது.

கடைகளில் இந்த மருந்துகளை “களையே வராது” என்று சொல்லி விற்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கிழங்கிலிருந்து முளைக்கும் கோரையை முளைப்புக்கு முன் தெளிக்கும் பெண்டிமெத்தலின் எந்த வடிவிலும் அடக்காது. நாற்பது நாளில் ஒரு கைக்களையோ களைவெட்டோ தேவைப்படத்தான் செய்யும்.

ஆகவே இரண்டு கோரிக்கைகளைத் தங்கள் இதழின் வழியாக வைக்கிறேன். உறையிட்ட களைக்கொல்லி ஒவ்வொன்றின் சீட்டிலும், உறை எதனால் ஆனது, மருந்து எத்தனை நாளில் வெளிவந்து முடியும், பயிர் பொய்த்தால் எந்தப் பயிரை எத்தனை நாள் கழித்து மறுபடி விதைக்கலாம் என்ற விவரங்கள் படிக்கும்படியான அளவில் தமிழில் அச்சிடப்பட வேண்டும். பல்கலைக்கழகமும் வேளாண்மைத் துறையும் பெரம்பலூர், விருதுநகர் போன்ற மானாவாரி மாவட்டங்களில் நடத்தும் சோதனைத் திடல்களில் களை குறைந்ததை மட்டும் அளக்காமல், அதே திடலில் சோளம், உளுந்து, கொத்தமல்லி ஆகியவற்றை அடுத்தடுத்து விதைத்து அவற்றின் முளைப்பையும் பதிவு செய்து, அடுத்த ஆடிப் பட்டத்துக்கு முன் விவசாயிகளுக்கு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்.