தைராய்டு மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைராய்டு மிகைச் சுரப்புக்கான மருந்துகள் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கார்பிமசோல், மெத்திமசோல், புரோபைல்தையோயுராசில் மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, எதைச் சாப்பிட்டாலும் ஒன்றுதான் என்று நினைக்கும்படி எழுதியிருக்கிறார்கள். வாழ்நாளில் பாதியை மருந்தாளுநராகக் கழித்த என்னால் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

முதல் இரண்டும் நெருங்கிய உறவு. கார்பிமசோல் உடலுக்குள் போனதும் மெத்திமசோலாக மாறித்தான் வேலை செய்கிறது. ஆனாலும் அளவு வேறு. 10 மில்லிகிராம் கார்பிமசோலுக்குச் சுமார் 6 மில்லிகிராம் மெத்திமசோலே ஈடு. ஒன்று கிடைக்காதபோது மற்றதை அதே அளவில் வாங்கி விழுங்கக் கூடாது.

மூன்றாவது மருந்தின் சங்கதியே வேறு. இரத்தத்தில் வெகுநேரம் தங்காததால் நாளுக்கு இரண்டு மூன்று வேளை சாப்பிட வேண்டும். அபூர்வமாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கிவிடும். 2010-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை சேர்த்தது. இருந்தும் இதைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மற்ற இரண்டும் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், அப்போது மருத்துவர்கள் பெரும்பாலும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த நோய் அதிகம் வருவது பெண்களுக்கு. அப்படியிருக்கக் கட்டுரையில் கர்ப்பம் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

இந்த மருந்துகளால் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்துவிடலாம் என்பதும் கட்டுரையில் விடுபட்டுவிட்டது. ஓர் இளம்பெண் கடைக்கு வந்து தொண்டை வலிக்குச் சப்பும் மாத்திரை கேட்டார். காய்ச்சலில் கண்கள் சிவந்திருந்தன. வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். கைப்பையைத் துழாவி, பாதி தீர்ந்த கார்பிமசோல் அட்டையை எடுத்துக் காட்டினார். தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அடுத்த வேளையைச் சாப்பிட வேண்டாம், உடனே மருத்துவரிடம் போய் இரத்தத்தில் வெள்ளையணுக்களைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தேன். எண்ணிக்கை அபாயகரமாகச் சரிந்திருந்தது. குணமான பிறகு வந்தவர், "இப்படி ஆகலாம் என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே" என்றார். அந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் உள்ள எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆயிரத்தில் சிலருக்கே, அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வரும் விளைவு இது. மூன்று மருந்துகளிலும் வரலாம். பயந்து மருந்தையே தவிர்ப்பதும் தவறு; கட்டுக்கடங்காத தைராய்டு இதயத்தையே கெடுத்துவிடும். கைநடுக்கத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோபிரனலால் சீக்கிரம் சுகம் தரும், ஆனால் ஹார்மோன் சுரப்பைக் குறைக்காது. படபடப்பு அடங்கியதும் மூல மருந்தை நிறுத்திவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த மாத்திரைகளைச் சாப்பிடும்போது காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை, வரும் வார மருத்துவப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்