நீர் இறங்கும் வேகம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நலமறிய ஆவல். நீர்மின் நிலையத்தின் முழுப் பொறுப்பும் உன்னிடம் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்து மனம் நிறைந்தது. பொறுப்பேற்ற கையோடு நீ கேட்டிருக்கும் முதல் கேள்வி மீன்களைப் பற்றியதாக இருப்பது எனக்கு இன்னும் மகிழ்ச்சி. அணையைத் தாண்டி மீன்கள் மேலே ஏறிச் செல்ல உதவும் படிவழியான மீன் ஏணி கட்டப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், எந்த வடிவம் நல்லது என்று கேட்கிறாய். அதற்கும் வருகிறேன். அதற்கு முன் உன் கட்டுப்பாட்டு அறையைப் பற்றிப் பேச வேண்டும். இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்த பின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான்: அணைக்குக் கீழே உள்ள உயிர்களின் கதியை, நாம் என்ன கட்டுகிறோம் என்பதைக் காட்டிலும், நீரை எந்த நேரத்தில், எந்த வேகத்தில் திறந்து மூடுகிறோம் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

மாலையில் மின்தேவை உச்சத்துக்குப் போகும்போது எல்லா டர்பைன்களையும் ஓட்டுகிறோம். இரவில் தேவை இறங்கியதும் ஒவ்வொன்றாக நிறுத்துகிறோம். நம் திரையில் அது ஒரு கோடு கீழே வருவதாக மட்டுமே தெரியும். ஆற்றில் அது எப்படி இருக்கிறது என்பதைச் சென்ற பருவத்தில் எங்கள் உயிரியலாளர் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். மின் உற்பத்தி குறைக்கப்பட்டுச் சிறிது நேரமே ஆகியிருந்தது. பவர்ஹவுஸுக்குக் கீழே உள்ள கூழாங்கல் திட்டில் கற்கள் இன்னும் ஈரமாகவே இருந்தன. கால் பதிந்த அளவே இருந்த பள்ளங்களில் கொஞ்சம் நீர் தேங்கி, அதில் விரல்கணு நீளமுள்ள மீன்குஞ்சுகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அவர் ஒரு தட்டைக் கல்லைப் புரட்டினார். அடியில் இருந்த ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குஞ்சுகள் கிடந்தன, செவுள் மூடி மட்டும் திறந்து மூடியது. ஓட்டம் மெதுவாகவும் பெரிய மீன்கள் வர முடியாததாகவும் இருப்பதால்தான் குஞ்சுகள் கரையோர ஆழமற்ற நீரை நாடுகின்றன. நாம் நீரைக் குறைக்கும்போது முதலில் வற்றுவதும் அந்த இடமே.

இதற்குப் பெரிய செலவில்லாத தீர்வு இருக்கிறது. நார்வேயில் நடந்த சோதனைகளில், நீர்மட்டம் மணிக்கு 10 சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் இறங்கியபோது திட்டுகளில் சிக்கிக்கொள்ளும் மீன்குஞ்சுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. குளிர்காலத்தில் அவை பகலெல்லாம் கற்களுக்கு இடையே பதுங்கியிருந்து இருட்டிய பின்னரே வெளியே வருவதால், அந்தப் பருவத்தில் நீரைப் பகலில் குறைப்பதைவிட இரவில் குறைப்பது நல்லது என்றும் கண்டார்கள். எல்லா ஆற்றுக்கும் எல்லா மீனுக்கும் இதே கணக்கு பொருந்தாது. உன் ஆற்றின் மீன்கள் எந்த மாதத்தில் பொரிக்கின்றன என்பதை அறிந்தவர்களைக் கேட்டே உன் அட்டவணையை வகுக்க வேண்டும். ஆனால் டர்பைனை நிறுத்துவதைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பதற்கு நீ எவருடைய ஒப்புதலுக்காகவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

குஞ்சுகளுக்கு முந்தைய நிலையான முட்டைகளையும் மறந்துவிடாதே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றில் மூன்று அணைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே, கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் சால்மன் மீன் முட்டையிடும் பருவத்தில், அணையிலிருந்து விடும் நீரை அளவுக்கு மேல் உயர்த்துவதில்லை. உயர்த்தினால் மீன்கள் கரையின் மேல்பகுதிச் சரளையில் குழி பறித்து முட்டையிட்டுவிடும். பிறகு நீர் குறையும்போது அந்தக் குழிகள் காய்ந்துபோகும். எந்த மட்டத்தில் முட்டையிட்டனவோ, குஞ்சு வெளிவரும் வரை அந்த மட்டத்துக்குத் தேவையான நீரை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பருவத்தில் எடுக்கும் முடிவு அடுத்த பல மாதங்களுக்கு நம்மைக் கட்டிப்போடுகிறது என்பதால், மின் உற்பத்தித் திட்டத்தையும் முட்டையிடும் காலத்தையும் ஒரே மேசையில் வைத்துத்தான் அவர்கள் திட்டமிட முடிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணை. அங்கே சிக்கல் பூச்சிகளில் இருந்தது. நீர்ப்பூச்சிகள் பல, நீர் விளிம்பை ஒட்டிய கற்களில் முட்டையிடுகின்றன. மின்தேவைக்கேற்ப நீர்மட்டம் தினமும் ஏறி இறங்கியதால், உயர்ந்த மட்டத்தில் இட்ட முட்டைகள் சில மணி நேரத்தில் வெயிலில் காய்ந்தன. பூச்சிகள் குறைந்தால் அவற்றை உண்ணும் மீனுக்கும் பறவைக்கும் வௌவாலுக்கும் இரை குறையும். 2018 முதல், மே தொடங்கி ஆகஸ்ட் வரையிலான மாதங்களில், வார இறுதி நாட்களில் மட்டும் நீரைக் குறைந்த அளவில், ஏற்ற இறக்கமின்றி விட்டுப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாட்களில் இட்ட முட்டைகள் வாரம் முழுவதும் நீருக்கடியிலேயே இருக்கும். வார இறுதியில் மின்தேவை குறைவு என்பதால் வருமான இழப்பும் சிறிது. நம் தொழிலை நன்றாக அறிந்தவர்களும் பூச்சிகளை நன்றாக அறிந்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டுமே இப்படி ஒரு யோசனை பிறக்கும்.

அணைக்குக் கீழே ஆற்றில் எப்போதும் விட வேண்டிய குறைந்தபட்ச நீரைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஆண்டு முழுவதும் ஒரே அளவை விடுவதோடு கடமை முடிந்தது என்று இருப்பவர்கள் நிறைய. கங்கையின் மேல்பகுதிக்கு 2018 அக்டோபரில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை அதைவிட மேலான பாதையைக் காட்டுகிறது: ஆற்றின் சராசரி நீர்வரத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 விழுக்காடு, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று பருவத்துக்குப் பருவம் மாறும் அளவு அதில் இருக்கிறது. இந்த அளவுகள் போதுமா என்ற வாதம் நியாயமானதே. என் மனதுக்கு அவை குறைவாகத்தான் படுகின்றன. ஆனால் ஆற்றுக்குப் பருவங்கள் உண்டு என்பதை விதியிலேயே எழுதிவிட்டது பெரிய முன்னேற்றம்.

விடும் நீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியம். ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து வரும் நீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும், ஆக்சிஜனும் குறைந்திருக்கும். கலிபோர்னியாவின் சாஸ்தா அணையில், எந்த ஆழத்திலிருந்து நீரை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க உதவும் பெரிய எஃகுக் கட்டமைப்பை 1997இல் முடித்தார்கள்; அங்கே குளிர்ந்த நீரையே நம்பியிருக்கும் சால்மனுக்காக அந்த நீரைச் சேமித்து வைத்து விடுகிறார்கள். எங்கள் நிலையத்தில் பழைய டர்பைன்களை மாற்றும் வேலை தொடங்கியிருக்கிறது. சுழலும்போதே காற்றை உள்ளிழுத்து நீரில் கலக்கும் வகையைத்தான் கேட்டிருக்கிறோம்.

இனி உன் ஏணி. கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில் 1938இலேயே மீன் ஏணிகள் இருந்தன. சால்மன் அவற்றில் ஏறிச் செல்கிறது, ஆனால் அதே ஆற்றில், அடியை ஒட்டி வாழும் ஸ்டர்ஜன் என்ற பெரிய மீன், ஏணியை அரிதாகவே பயன்படுத்துகிறது. ஆகவே உன் ஆற்றில் எந்த மீன் தாவும், எது அடியை ஒட்டி நீந்தும் என்று தெரியாமல் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதைவிடக் கடினமானது திரும்பி வரும் பயணம். ஏறிய மீன்களின் குஞ்சுகள் கீழே வரும்போது ஓட்டம் இழுக்கும் திசையில், அதாவது டர்பைனுக்குள், போகின்றன. டர்பைனின் சுழலும் தகடு அடிப்பது ஒரு ஆபத்து. நீரழுத்தம் நொடியில் சரிவதால் காற்றுப்பை வெடிப்பது இன்னொன்று. உபரிநீர் வழிந்தோடும் ஸ்பில்வே வழியாக அனுப்பலாம் என்றால், உயரத்திலிருந்து விழும் நீர் காற்றை அளவுக்கு மீறிக் கரைத்துக்கொண்டு, மீனின் உடலில் குமிழிகளை உண்டாக்கிவிடும். விலாங்கைப் போன்ற நீண்ட உடல் கொண்டவை டர்பைனில் அடிபடும் வாய்ப்பு மிக அதிகம். அவை பெரும்பாலும் இருண்ட மழை இரவுகளில் கடலை நோக்கி இறங்குவதால், அந்த இரவுகளில் மட்டும் டர்பைனை நிறுத்திவைக்கும் நிலையங்கள் உண்டு. உன் பட்ஜெட்டில் மேலே போகும் வழிக்கு மட்டும் பணம் இருந்தால், கீழே வரும் வழிக்கும் கேள். மீன்கள் டர்பைனுக்குள் போகாமல் தடுக்க, நெருக்கமான கம்பிகள் கொண்ட சாய்வுத் தடுப்பும், அவை கீழே இறங்கப் பக்கவழியும் இன்றி ஏணி பாதி வேலைதான்.

நீர்த்தேக்கத்தின் கரையையும் ஒருமுறை நடந்து பார். நீர் விளிம்பிலேயே கூடுகட்டும் பறவைகளுக்கு மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலே முட்டை போய்விடும். செங்குத்தான கான்கிரீட் கால்வாயில் விழுந்த மான் ஏறி வர முடியாது; சில இடங்களில் சொரசொரப்பான சரிவுப் பாதை அமைத்தால் போதும்.

இவற்றால் உற்பத்தி சரியும் என்று உன் மேலதிகாரிகள் அஞ்சினால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் ஆற்றை எடுத்துச் சொல். அங்கே 2012இலும் 2013இலும் கடலுக்கு அருகிலிருந்த இரண்டு அணைகளை அகற்றி, மற்ற அணைகளில் உற்பத்தியைக் கூட்டி, மொத்த மின்சாரம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். அதே மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணைக்கு உரிமம் புதுப்பிக்கப்படாமல், 1999இல் அது இடிக்கப்பட்டது. அது தந்தது 3.5 மெகாவாட் மட்டுமே. சில அணைகள் தரும் மின்சாரம் அவை அழிக்கும் ஆற்றுக்கு ஈடாகாது என்பதை நம்மைப் போன்றவர்களும் சொல்லத் தயங்கக் கூடாது. உன்னுடையது அந்த வகையில்லை என்றே நம்புகிறேன்.

எனக்கு நீ ஒன்று செய். அணைக்குக் கீழே உள்ள நீர்மட்ட அளவுமானியின் மணிக்கு மணி எடுத்த பதிவுகளையும், அதே நேரங்களில் எந்தெந்த டர்பைன்கள் ஓடின என்ற குறிப்பையும் கடந்த இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்து அனுப்பு. மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது முதல் ஒன்றில் தெரிந்துவிடும். எந்த டர்பைனின் வெளியேற்றம் மீன்களைத் தன் பக்கம் இழுக்கும் என்பதை இரண்டாவதிலிருந்து ஊகிக்கலாம். ஏணியின் நுழைவாயிலை அதற்கு அருகில்தான் வைக்க வேண்டும். வரைபடத்துக்கு ஒப்பந்தம் போடுவதற்குள் அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்