நம் இயற்கை வாழ்வுச் சங்கத்தின் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை முழுக்கச் சிறுதானியக் கஞ்சிதான் என்று கிண்டல் செய்தீர்கள். சரி, இந்த முறை கஞ்சி இல்லை.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில், மருந்தில்லா மருத்துவத்துக்கு முதலில் குரல் கொடுத்தவர்களைப் பற்றிப் படித்தோம். மத்திய ஐரோப்பாவின் சிலீசியாவில் கிராஃபென்பெர்க் என்ற ஊரின் விவசாயி வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ், வண்டி தன்மேல் ஏறி விலா எலும்பு உடைந்தபோது ஈரத்துணி சுற்றியே தேறி, அப்புறம் ஊருக்கெல்லாம் குளிர்ந்த நீர் வைத்தியம் பார்த்தவர். அமெரிக்கப் பாதிரியார் சில்வெஸ்டர் கிரகாம் தவிடு நீக்காத மாவில் ரொட்டி சுடுங்கள், இறைச்சி வேண்டாம் என்று சொல்லப்போய், பாஸ்டனில் ரொட்டிக்கடைக்காரர்களும் கசாப்புக்கடைக்காரர்களும் சண்டைக்கே வந்துவிட்டார்கள். இருவரும் இறந்தது 1851இல், ஒருவர் 52 வயதில், மற்றவர் 57இல். இதை வாசித்ததும் பின்வரிசையில் சிரிப்பு. தலைவருக்குப் பிடிக்கவில்லை.

அதிகம் பேசியது ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து நீர் வைத்தியர் லூயி கூனேயைப் பற்றி. நாம் உட்காரும் இடுப்புக் குளியல் அவர் பரப்பியதுதான். எல்லா நோய்க்கும் ஒரே காரணம், உடலில் தேங்கும் கழிவு என்பது அவர் கட்சி. எனக்கு அது ஒப்பவில்லை. பம்பாயில் 1902இல் மகன் மணிலாலுக்கு டைபாய்டு வந்தபோது, டாக்டர் சொன்ன முட்டையும் கோழிச் சாறும் வேண்டாம் என்று காந்தி கூனே முறைப்படி பையனைத் தொட்டியில் உட்காரவைத்தார், அதுவும் மூன்று நிமிடத்துக்கு மேல் இல்லை, குடிக்க ஆரஞ்சுச் சாறில் தண்ணீர் கலந்து கொடுத்தார். பையன் பிழைத்தான். காரணம் கடவுளா, தண்ணீரா, பத்தியமா, பணிவிடையா, யாரால் சொல்ல முடியும் என்று அவரே பின்னால் எழுதினார். அதே காந்திதான் 1924இல் குடல்வால் அழற்சிக்குப் புனே சசூன் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டார்.

இதை இவ்வளவு நீட்டக் காரணம் உண்டு. ஆடி மாதம் நம் உறுப்பினர் ஒருவர் சர்க்கரை மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, மயங்கி விழுந்து ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்த்தோம், நானும்தான். மருந்தை நிறுத்து என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று செயற்குழு தீர்மானம் போட்டது. இருவர் எதிர்த்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். குளியல் தொட்டி மூன்றில் ஒன்று ஒழுகுகிறது, இன்னொன்றை வாங்கிப்போனவர் இன்னும் தரவில்லை, அதில் நெல் ஊறுவதாகக் கேள்வி.