தோண்டி முடித்தபின் வரும் வேலைக்கும் சம்பளம் வேண்டும்

பெறுநர்:
தொல்லியல், பண்பாட்டுத் துறை அமைச்சர் அவர்கள்

பொருள்: கட்டுமானத்துக்கு முந்தைய அகழாய்வுகளில் வேலை செய்யும் இளம் தொல்லியலாளர்களின் பணி நிலைமை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சாலையோ ரயில் பாதையோ வருவதற்கு முன்னால் அந்த நிலத்தைத் தோண்டிப் பார்த்துப் பதிவு செய்யும் தனியார் நிறுவனங்களில், சில வாரம், சில மாதம் என்று ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவிக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள். படிப்பை முடித்துச் சில வருடங்களே ஆனவர்கள். எங்களுக்குப் பின்னால் பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிதியோ கிடையாது.

அகழாய்வை இரண்டாம் தடவை செய்ய முடியாது. ஒரு மண் அடுக்கை எடுத்துவிட்டால் எடுத்ததுதான். அப்புறம் மிஞ்சுவது பதிவுத்தாள், வரைபடம், புகைப்படம், எண் எழுதிப் பையில் கட்டிய பானை ஓடுகள், அவ்வளவே. எது முந்திய அடுக்கு, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த 1973-இல் தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் உருவாக்கிய வரைபட முறை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் மண்ணின் நிறம் லேசாக மாறிய ஓர் இடத்தை, இது கம்பம் நட்ட குழியா இல்லை எலி வளையா என்று மண்டியிட்டுச் சுரண்டிப் பார்த்து முடிவு செய்தவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்த வரிசை சரியாக வரும். எங்கள் ஒப்பந்தமோ தோண்டும் வேலை முடிகிற நாளிலேயே முடிந்துவிடுகிறது. ஓடுகளைக் கழுவுவது, பிரிப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் அந்தக் குழியைப் பார்க்காத ஒருவர் தலையில் விழுகிறது, இல்லையென்றால் நாங்களே அடுத்த ஊரில் வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் சம்பளமில்லாமல் முடித்துக் கொடுக்கிறோம். வெளிவரும் அறிக்கையில் பல நேரம் எங்கள் பெயர்கூட இருப்பதில்லை. அடுத்த வேலைக்குக் காட்ட எங்களிடம் வேறு என்ன சான்று இருக்கிறது?

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒரு டன்னுக்கு மேல் எடை, ஆழமான குழியில் முட்டுக் கொடுக்காத பக்கச்சுவர் சரிந்தால் தப்பிக்க நேரமே இருக்காது. மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் கிளம்பும் நுண்ணிய சிலிக்காத் தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. முகக்கவசம் கேட்டால் சொந்தமாக வாங்கிக்கொள் என்கிறார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். 1992-இல் மால்டா நாட்டின் வாலெட்டாவில் கையெழுத்தான ஐரோப்பியத் தொல்லியல் ஒப்பந்தம், பெரிய கட்டுமானத் திட்டங்களின் செலவிலேயே ஆய்வு, பதிவு, முழு அறிக்கை வெளியீடு வரைக்கும் இடம் இருக்க வேண்டும் என்கிறது. வழி இருக்கிறது, ஐயா.

அகழாய்வுக்கு அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனையாகச் சேருங்கள்: குழியில் வேலை செய்தவர்களின் ஒப்பந்தம் அறிக்கை முடியும்வரை நீள வேண்டும், பயண நேரத்துக்கும் தங்குமிடத்துக்கும் நிறுவனமே பொறுப்பு, பதிவு செய்த ஒவ்வொருவர் பெயரும் அறிக்கையில் வர வேண்டும். முட்டும் முகக்கவசமும் இல்லாத தளத்தில் வேலையை நிறுத்த உங்கள் ஆய்வாளர்களுக்கு அதிகாரம் கொடுங்கள். குறைந்த விலைக்கு ஏலம் கேட்டு, அந்தக் குறைவை எங்கள் கூலியில் கழிக்கிற நிறுவனங்களுக்கு அப்போதுதான் கடிவாளம் விழும்.

நிபந்தனைகளை எழுதும் குழுவில் களத்தில் வேலை செய்யும் இளையவர் இரண்டு பேரையாவது உட்கார வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒப்பந்தத் தொல்லியல் பணியாளர்கள்