ஆற்றோர ஊருக்கு உறிஞ்சுகுழி ஒத்துவராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எண்ணூர் கழிமுகம் என்றால் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும்தான் செய்தியாகின்றன. ஆகத்தான் வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயை மீனவர்கள் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. ஆனால் அந்தக் கழிமுகத்தில் கடலைச் சேரும் கொசஸ்தலை ஆற்றின் கரையோரச் சிற்றூர்களின் வீட்டுக் கழிவுநீரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீர்க் கணக்கு பழகிப்போனதால் எழுதுகிறேன்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். குழாயில் வருவதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வைக்கும் கணக்கு. 2,000 பேர் வாழும் ஊரில் அது நாள்தோறும் 88,000 லிட்டர். தண்ணீரைக் கொண்டுவரக் குழாய் போட்டார்கள். அது திரும்பிப் போக வழி செய்யவில்லை. தெருவோர வாய்க்காலில் ஓடி, ஓடையில் விழுந்து, ஆற்றில் சேர்கிறது.

வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே இருப்பதை ஆறு என்பதைவிடக் காயல் என்பதே பொருத்தம். மழைக்காலம் போனால் மேலிருந்து நன்னீர் வரத்து கிடையாது. ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். சாக்கடை கலந்தால் அடித்துக்கொண்டு போக வெள்ளம் இல்லை. அதே இடத்தில் முன்னும் பின்னும் அலைகிறது. அதைத் தின்று பெருகும் கிருமிகள் நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடுகின்றன. குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயுவாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். சாக்கடை அலையும் எங்கள் ஆற்றுத் தண்ணீரில்தான் பெண்கள் இடுப்பளவு இறங்கி, பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் காலில் உள்ள புண்களைப் பார்க்க எந்த ஆய்வுக் குழுவும் வேண்டாம்.

இதற்கு அதிகாரிகள் தரும் ஒரே மருந்து உறிஞ்சுகுழி. வீட்டுக்கு வீடு குழி வெட்டி, செங்கல் ஜல்லி நிரப்பி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மேட்டுநில ஊர்களில் அது நல்ல ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கடப்பாரையை எடுத்து நாலு அடி தோண்டினால் தண்ணீர் ஊறி நிற்கும். நிலமே நிறைந்து நிற்கும்போது குழி எதை உறிஞ்சும்? சோப்புத் தண்ணீர் நேராக நிலத்தடி நீரோடு கலக்கிறது. ஏற்கெனவே கடல்நீர் ஏறிக் கரித்துப்போன நிலத்தடி நீர் அது. குழிக்கு இடம் பார்த்தவர்கள் சித்திரை வெயிலில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

கொடுங்கையூரில் நாள்தோறும் 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இருக்கிறது. அவ்வளவு பெரிய இயந்திரம் எங்களுக்குத் தேவையில்லை. வாய்க்கால் முடியும் இடத்தில், சேறு அடியில் தங்க ஒரு படிவுத் தொட்டி. அதையடுத்து அடியில் நீர் இறங்காதபடி தளம் போட்ட ஜல்லிப் படுகை. அதில் கல்வாழையும் சம்புக் கோரையும் நடலாம். வேர்களிலும் ஜல்லியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். ஆளுக்கு ஒன்றிரண்டு சதுர மீட்டர் என்று வைத்தால் 2,000 பேருக்கு ஓர் ஏக்கருக்குள் அடங்கிவிடும். எங்கள் நிலம் தட்டையானது என்பதால் நீரை ஏற்ற ஒரு சிறிய மோட்டார் வேண்டியிருக்கும். மோட்டாரை இயக்கவும் படிவுத் தொட்டியின் சேற்றை இயந்திரத்தால் எடுக்கவும் ஓர் ஆளை நியமித்து, மாதச் சம்பளத்தையும் திட்டச் செலவில் சேர்க்கவேண்டும். ஆள் போடாத மோட்டார் எத்தனை நாள் ஓடும் என்பது எனக்குத் தெரியும்.

இரவில் வந்து ஓடையில் கழிவைக் கொட்டிவிட்டுப் போகும் லாரிகளைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதவேண்டும்.

புதிதாக உறிஞ்சுகுழி வெட்டுவதை நிறுத்திவைத்து, இந்த ஆண்டு கார்த்திகையில் தெருத்தெருவாக நிலத்தடி நீர் மட்டத்தை அளந்து பார்க்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஜல்லிப் படுகைக்கு ஏற்ற புறம்போக்கு நிலம் வாய்க்கால் முனையிலேயே இருக்கிறது. இப்போது அதில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி வருகிறார்கள்; அளவுக் கல் மறைவதற்குள் வருவாய்த் துறையினர் வந்து பார்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்,
மீஞ்சூர் ஒன்றியம்.